கரும்பலகையும் துண்டுச்சீட்டும்

கண்டியில் ரயில் ஏறிப் பதுளைப் பக்கம் போகிறவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம்: கண்டி, பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி. இந்த நான்கு பெயர்களையும் ஒரு பட்டியலில் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு விநாடி கழித்துத் திரையில் காட்ட ஜாவாஸ்கிரிப்டில் ஒரு லூப் எழுதுவோம். எண்ணிக்கைக்கான மாறி 'ஐ'. அதை 'வார்' கொண்டு அறிவிக்கிறோம். பட்டியலின் 'ஐ' இடத்தில் உள்ள பெயரைக் காட்டும் சார்பை, குறித்த நேரம் கழித்து அழைக்கப்பட வேண்டிய கோல்பேக்காக 'செட்டைம்அவுட்'டிடம் ஒப்படைக்கிறோம்.

ஒரு விநாடி கழிகிறது. ஓர் ஊர்ப்பெயரும் வரவில்லை. 'அன்டிஃபைன்ட்' என்ற சொல்தான் நான்கு முறை வருகிறது.

ஏன்? ரயில் நிலையத்தில் ஒரே ஒரு கரும்பலகை இருப்பதாக நினையுங்கள். நான்கு பேரிடமும் "பிறகு வந்து பலகையில் உள்ள எண்ணைப் பார்" என்று சொல்லி அனுப்புகிறோம். அவர்கள் திரும்புவதற்குள் பலகை 0, 1, 2, 3 என அழித்து அழித்து எழுதப்பட்டு, 4இல் நின்றுவிட்டது. பட்டியலில் இடங்கள் 0 முதல் 3 வரைதான். 4இல் எதுவுமே இல்லை; அதனால்தான் 'அன்டிஃபைன்ட்'. கோல்பேக் மாறியின் அந்நேர மதிப்பைக் கையில் எடுத்துப் போவதில்லை; மாறியையே நினைவில் வைத்திருக்கிறது. காத்திருப்பை 0 மில்லிவிநாடி ஆக்கினாலும் விடை மாறாது. கையிலுள்ள வேலை முழுவதும் முடிந்த பிறகே கோல்பேக்கின் முறை வரும்.

1995இல் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டைப் பத்தே நாளில் உருவாக்கியபோது 'வார்' மட்டுமே இருந்தது. அதன் எல்லை முழுச் சார்பு. லூப்பின் அடைப்புக்குறி அதைத் தடுக்காது. அதனால் ஒவ்வொரு சுற்றையும் தனிச் சார்புக்குள் பொதிந்து அந்நாளில் சமாளித்தார்கள். 2015இல் வந்த 'லெட்' வேலையைச் சுலபமாக்கியது. 'வார்' இருந்த இடத்தில் 'லெட்' போட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய 'ஐ' பிறக்கும். ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்தது போல. நான்கு ஊர்களும் வரிசையாக வந்துவிடும்.

ஆனால் 'லெட்' மந்திரமன்று. அதையே லூப்புக்கு வெளியே அறிவித்தால் மறுபடியும் ஒரே பலகைதான். எனவே கோல்பேக் எழுதும்போதெல்லாம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இது பார்க்கும் மாறி எங்கே பிறந்தது? இது பார்க்கப்போகும் நேரத்துக்குள் அதை வேறு யார் மாற்றுவார்கள்? விடை தெரிந்தால் நாவலப்பிட்டி வரை தடுமாறாமல் போகலாம்.