திரும்பி வந்த கவர்

1988இல் என் முதல் நாவலைச் சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்குக் கோவில்பட்டி தலைமைத் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தேன். கவுண்டரில் இருந்தவர் கட்டைத் தராசில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "என்ன தம்பி, பத்திரமா?" நாவல் என்று சொல்லக் கூச்சம். "ஆமா சார்" என்றுவிட்டேன்.

உள்ளே 412 பக்கம். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, இடப்பக்கம் மார்ஜின் மடித்து, மூலையில் நூல் கோத்துக் கட்டியது. கூடவே என் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய இன்னொரு கவர். அதை வைக்காவிட்டால் படைப்பு திரும்பி வராது. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போதே, திரும்பி வர பஸ் காசையும் முந்தானையில் முடிந்துவிடுவது மாதிரி ஓர் ஏற்பாடு.

பதினோரு மாதம் கழித்து அந்தக் கவர்தான் வந்தது. கடிதம் கிடையாது. தாள்களைப் புரட்டிக்கொண்டே போனேன். 17ஆம் பக்கத்தில் டீ கிளாஸ் வைத்த வட்டம். அதற்குப் பிறகு ஒரு தாளும் மடங்கவில்லை, கசங்கவில்லை. ஆக, சென்னையில் யாரோ ஒருவர் டீ குடித்துக்கொண்டே 17 பக்கம் படித்திருக்கிறார்! சிரிப்பீர்கள். அந்த வட்டத்தை வைத்துக்கொண்டுதான் இன்னும் ஒரு வருஷம் ஓட்டினேன்.

பதிப்பாளர்களைக் குறை சொல்லவும் முடியாது. அப்போது ஒரு புத்தகம் என்றால் எழுத்தெழுத்தாக அச்சுக்கோத்து, மெய்ப்புப் பார்த்து, ஆயிரம் பிரதியாவது ஒரே மூச்சில் அடித்தாக வேண்டும். தாள் காசும் அச்சுக்கூலியும் முதலிலேயே முடங்கிவிடும். நூலக ஆணை வந்தால்தான் பணம் புரளும். பேர் தெரியாத ஒருவனின் 412 பக்கத்துக்கு யார் முதல் போடுவார்கள்? வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதும் யோகம் வேண்டும், இல்லையென்றால் நாவல் போட்டியில் பரிசு விழ வேண்டும். இரண்டும் இல்லாதவனுக்கு மிச்சம் இருந்தது வீட்டு நகை.

சோர்ந்த நேரங்களில் ப. சிங்காரத்தை நினைத்துக்கொள்வேன். ஆறுதலுக்காக அல்ல, பயத்தில். 'கடலுக்கு அப்பால்' நாவலை அவர் எழுதியது 1950இல். பதிப்பகங்களில் எடுபடாமல் கிடந்து, கலைமகள் போட்டியில் பரிசு பெற்று, 1959இல்தான் புத்தகமானது. அடுத்து 1962 வாக்கில் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' வெளிவர 1972 ஆயிற்று. தமிழில் அதற்கு ஈடாக எத்தனை நாவல் தேறும் என்று இன்றைக்கு விரல் விட்டு எண்ணுகிறோம். அன்றைக்கு அது வந்த சுவடே தெரியவில்லை. மதுரையில் தினத்தந்தி வேலை, ஒய்.எம்.சி.ஏ. அறை என்று காலத்தைக் கழித்தவர், 1997இல் இறக்கும்வரை மூன்றாவது நாவல் எழுதவில்லை. மனவலிமை போதாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இருபது வருஷம் ஒரு மனிதனைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு வலிமையைப் பற்றிப் பேசக் கூடாது.

அதே காலத்து ஆள்தான் சி.சு. செல்லப்பாவும். அவர் வேறு வார்ப்பு. 'எழுத்து' பத்திரிகையைக் கைக்காசு போட்டு நடத்தியவர், புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்றவர். 'சுதந்திர தாகம்' நாவலின் மூன்று பாகங்களையும் 1997இல், எண்பத்தைந்து வயதில், தானே அச்சுப்போட்டார். மறுவருஷம் காலமானார். சாகித்திய அக்காதெமி பரிசு 2001இல் வந்து சேர்ந்தது. எல்லாரும் செல்லப்பாவாக முடியாது, ஆக வேண்டிய கட்டாயமும் இல்லை.

என்னை இழுத்துப் பிடித்தது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கூடிய நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை அத்தியாயத்தோடு போகாவிட்டால் "எங்கடே, அந்தக் கிழவி செத்தாளா இல்லையா?" என்று சட்டையைப் பிடிப்பார்கள். அவர்களுக்குப் பயந்தே பாதி நாவல் எழுதினேன். திரும்பி வந்த பிரதியை மறுபடி அனுப்ப முழுசாகக் கையால் பிரதி எடுக்க வேண்டும். எடுக்க எடுக்க, சோம்பேறித்தனத்தாலேயே வேண்டாத பக்கங்கள் உதிர்ந்தன. 412 கடைசியில் 290 ஆனது. மூன்றாவது இடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். 1993இல் புத்தகம் வந்தது. சன்மானம், 25 பிரதி.

இப்போது எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். திருநெல்வேலிக்கு வேலைக்குப் போய்வரும் பஸ்ஸிலேயே போனில் நாவல் எழுதி முடித்துவிட்டான். தபால் நிலையத்துக்கு அவன் போகவே இல்லை. போயிருந்தாலும் நான் அனுப்பிய பதிவுத் தபால் அங்கே இல்லை, 2025இல் அதை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். நாவல் கோப்பை அச்சகத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். "எத்தனை காப்பி வேணும் சார்?" என்று பதில் வந்தது. படித்தீர்களா, பிடித்ததா என்ற பேச்சே கிடையாது. ஐம்பது அடித்து வாங்கினான். கிண்டிலிலும் ஏற்றிவிட்டான். என் பதினோரு மாதம் அவனுக்கு மூன்று வாரம்.

எனக்கு முதலில் பொறாமைதான். நாலு மாதம் கழித்து வந்து திண்ணையில் உட்கார்ந்தான். முகம் தொங்கியிருந்தது.

"முப்பது போயிருக்கு அண்ணாச்சி. அதுல இருபது நானே சும்மா குடுத்தது."

"படிச்சவங்க என்ன சொன்னாங்க?"

"கட்டை விரல் போடுதாங்க. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

நான் பார்த்த மௌனம் அச்சேறும் வரை. அது அவனைப் பிடித்திருப்பது அச்சேறிய பிறகு. எது கொடுமை என்று கேட்டால், அவனுடையதுதான் என்பேன். எனக்கு 'அவர்கள் போட்டால் ஊரே படிக்கும்' என்ற கற்பனையாவது மிச்சம் இருந்தது. அவனுக்கு அதுவும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லாததால், இந்த நூறு பக்கத்தை வெட்டு என்று சொல்லவும் ஆள் இல்லை. படித்துப் பார்த்தேன், வெட்டத்தான் வேண்டும். சொன்னேன். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன், பாவம், பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறான்.

போன வாரம் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். கிண்டிலில் ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று காட்டும் வரைபடம். பல நாள் தரையோடு தரையாகக் கிடந்த கோடு, செவ்வாய்க்கிழமை மட்டும் கொஞ்சம் எழும்பியிருந்தது.

"இருபத்து மூணு பக்கம் அண்ணாச்சி. ஒரே ஆளா, ரெண்டு மூணு பேரான்னுதான் தெரியல."

"ஒரே ஆளுன்னு வச்சுக்கோ" என்றேன்.