குளிர்காலக் குளியலறை

காவிரி சூழ்ந்த எங்கள் ஸ்ரீரங்கப்பட்டணம் சுமார் 2,200 அடி உயரத்திலுள்ளது. மார்கழி விடியலில் குளியலறைக் கல்தரை காலில் வைக்க இயலாதபடி குளிரும். மின்சாரச் செலவுக்கு அஞ்சி, சென்ற ஆண்டு கரியடுப்பை உள்ளே வைத்துச் சாளரத்தை அடைத்தோம். குளிக்கச் சென்ற மகள் மயங்கி விழுந்தாள். நல்லவேளை, கதவைத் தாழிடவில்லை. வெளிக்காற்றில் கிடத்தியதும் தெளிந்தாள். நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்ஸைடு செய்த வேலை என்றார் மருத்துவர்.

இந்நாட்டார் முறையே சிறந்தது. ஹண்டே எனும் செப்புக் கொப்பரையை அடுப்பில் பதித்து, தென்னை மட்டை எரித்து, புகையைப் புகைபோக்கி வழியே வெளியேற்றுவர்.

அவ்வசதி இல்லாத அன்பர்கள் முதலில் ஒரு செம்பு வெந்நீரைத் தரையில் ஊற்றி, மரப்பலகைமேல் நின்று குளிக்கலாம். கதவிடுக்கில் சாக்குத்துணி இடலாம். மேற்சாளரம் திறந்தே இருக்கட்டும். கரியடுப்பும் எரிவாயு கீசரும் அறைக்கு வெளியே இருக்கட்டும்.