மூன்றாம் முறை ஜெயித்த குழு!

மவுத் ஆர்கன் ஊதிப் பார்த்திருக்கிறீர்களா குட்டீஸ்... அந்தச் சின்னக் கருவியால் பெயர் பெற்றவர் பால் பட்டர்பீல்டு.

அமெரிக்காவின் சிகாகோ நகரில், 1942ல் பிறந்தார். சிறு வயதில் முறைப்படி புல்லாங்குழல் கற்றார். ஆனால், மனம் போனது, 'புளூஸ்' இசையின் பக்கம்!

தென் மாநிலப் பருத்தி வயல்களில் பாடுபட்ட கறுப்பின மக்கள், துயரத்தையும், ஆசையையும் கொட்டிப் பாடியது தான் புளூஸ். பிழைப்பு தேடி அவர்கள் சிகாகோ வந்தபோது, பாட்டும் கூடவே வந்தது. எலக்ட்ரிக் கிடாரும் சேர்ந்து கொண்டது.

வெள்ளை இளைஞரான பால், கறுப்பின மக்கள் கூடும் விடுதிகளுக்குப் போய், மடி வாட்டர்ஸ் போன்ற மேதைகள் பாடுவதைக் கேட்டுக் கேட்டே கற்றார். இயற்பியல் படிக்க வந்த எல்வின் பிஷப், கிடாருடன் இவரோடு சேர்ந்தார். 1963ல் குழு உருவானது. பேஸ் கிடாருக்கு ஜெரோம் ஆர்னால்டு, டிரம்சுக்கு சாம் லே. இவர்கள் இருவரும் கறுப்பினத்தவர்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? பொது இடங்களில் நிறத்தைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்ற சட்டமே, அங்கு 1964ல் தான் வந்தது! அந்தக் காலத்தில், இரு நிறத்தவரும் ஒரே மேடையில், ஒரே குழுவாக வாசித்தனர்.

மைக் புளூம்பீல்டு என்ற கிடார் கலைஞரும் இணைந்தார். 1964 டிசம்பரில், எலெக்ட்ரா நிறுவனத்துக்காகப் பாடல்களைப் பதிவு செய்தனர். தயாரிப்பாளருக்குத் திருப்தி இல்லை, இசைத்தட்டு வெளிவரவில்லை. அடுத்து, நியூயார்க் விடுதி ஒன்றில், ரசிகர்கள் முன் வாசித்ததைப் பதிவு செய்தனர். அதுவும் தேறவில்லை.

குழு கலையவில்லை. 1965 செப்டம்பரில், மீண்டும் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தது. அடுத்த மாதமே முதல் இசைத்தட்டு வெளிவந்தது. புளூசும், ராக்கும் கலந்த இசைக்கு அது வழிகாட்டியானது.

ஒதுக்கிய முதல் பதிவு என்னாயிற்று? முப்பது ஆண்டுகள் கழித்து, 1995ல் குறுந்தகடாக வந்தது. கேட்க பால் இல்லை; 1987லேயே, 44 வயதில் இறந்து விட்டார். 2015ல், 'ராக் அண்ட் ரோல்' புகழ் மண்டபத்தில் குழுவுக்கு இடம் கிடைத்தது. ஆனாலும், இன்று இவர்கள் பெயரை அறிந்தவர் குறைவு.

குட்டீஸ்... சரியாக வராத கணக்கை, ஓவியத்தைக் கிழித்துப் போடாதீர்கள். பத்திரமாக வைத்து விட்டு, மறுபடி முயலுங்கள். எங்கிருந்து எதுவரை வளர்ந்தீர்கள் என்பதை, ஒருநாள் அந்தப் பக்கமே சொல்லும்!