நிறம் தெரியாத கேமரா

அரக்குப் பட்டுச் சேலை, தலையில் கனகாம்பரம், பின்னால் மாலை வெயில். போனை எடுத்து ஒரு தட்டு தட்டினால் அத்தனை நிறமும் திரையில் வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் படத்தைப் பிடித்த சென்சாருக்கு நிறமே தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று அளக்கும். அது சிவப்பா நீலமா என்று கேட்டால் கையை விரிக்கும்.

சென்சார் என்பது ஒளியை மின்சாரமாக மாற்றும் சிலிக்கான் சில்லு. பல போன்களில் அது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. கோலத்துக்கு வைத்ததுபோல் அதில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிக்சல். பத்து லட்சம் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். 12 மெகாபிக்சல் கேமராவில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். நொடிக்கு ஒன்றாக, ராத்திரி பகல் தூங்காமல் வைத்தால்கூட நாலரை மாதம் தாண்டிவிடும்.

1975-ல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர் செய்த டிஜிட்டல் கேமராவில் 10,000 பிக்சல்தான் இருந்தது. ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 நொடி. அதுவும் கறுப்பு வெள்ளை.

நிறத்துக்கு வழி சொன்னவர் அதே நிறுவனத்தின் பிரைஸ் பேயர். 1976-ல் காப்புரிமை பெற்ற அவரது யோசனை கேட்க எளிது: ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு வண்ணக் கண்ணாடி மாட்டிவிடு. நான்கு பிக்சலில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். பச்சைக்கு மட்டும் ஏன் இரட்டைப் பங்கு? ஒளியின் ஏற்றத்தாழ்வை, அதன்மூலம் நுணுக்கங்களை, நம் கண் பெரிதும் பச்சையை ஒட்டிய ஒளியில்தான் பிரித்தறிகிறது. கண்ணின் ஓரவஞ்சனையைக் கேமராவுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டார் பேயர்.

சரி, சிவப்புக் கண்ணாடி போட்ட பிக்சலுக்குத் தன் இடத்தில் பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? அக்கம்பக்கத்தில் விசாரித்துத்தான். சுற்றியுள்ள பிக்சல்களின் அளவைப் பார்த்து, விடுபட்ட இரண்டையும் கணித்து நிரப்புகிறார்கள். இதற்கு டிமொசைக்கிங் என்று பெயர். நாம் நிறநிரப்பல் எனலாம். அப்படியானால் உங்கள் கல்யாண ஆல்பத்தில் இருக்கும் நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம்! அடுத்தடுத்த பிக்சல்கள் பெரும்பாலும் ஒரே நிறத்தைத்தான் பார்க்கின்றன என்பதால் ஊகம் பலித்துவிடுகிறது. சன்னக் கோடு போட்ட சட்டையிடம் மட்டும் ஏமாந்துபோகும். சட்டையில் இல்லாத வானவில் படத்தில் நெளியும்.

இந்த நிரப்பலுக்கு முந்தைய எண்களை அப்படியே சேமிப்பதுதான் 'ரா' கோப்பு. சமைக்காத அரிசி மாதிரி. படத்தில் எது வெள்ளை என்று தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸைக்கூட வீட்டுக்கு வந்து நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். புகைப்படக்காரர்கள் 'ரா'வை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சும்மா இல்லை.

அடுத்து, படத்தின் எடை. பிக்சலுக்கு மூன்று நிறம். ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண், அதாவது ஒரு பைட். கணக்குப்படி 12 மெகாபிக்சல் படம் 36 எம்.பி. இருக்க வேண்டும். போனிலோ பெரும்பாலும் சில எம்.பி.தான் காட்டும். மிச்சம் எங்கே போயிற்று? ஜேபெக் என்ற சுருக்கும் முறை விழுங்கிவிட்டது. அது படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக நறுக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் பெரிதும் சிறிதுமான அலைகளின் கலவையாக எழுதி, கண்ணுக்குப் பிடிபடாத நுண்ணலைகளைக் கழித்துக்கட்டும். இங்கேயும் கண்ணின் பலவீனம்தான் முதலீடு.

அந்த அலைக் கணக்கைக் கண்டவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் ஆய்வுக்குப் பணம் கேட்டார். யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறதே என்று தள்ளிவிட்டார்கள். 1974-ல் நடராஜன், கே.ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து அதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பல கை மாறி வந்த பழைய படம் ஒன்று இருந்தால், பெரிதாக்கி முகத்தின் ஓரத்தைப் பாருங்கள். வழியில் மறுபடி மறுபடி சுருக்கப்பட்டிருந்தால், அகமதுவின் அலைகளுக்காக நறுக்கிய சின்னச் சின்னக் கட்டங்கள் அங்கே தலைகாட்டும்.