கடல் திட்டம் வருமுன் கிணற்றைக் கவனியுங்கள்

கடலில் காற்றாலை நிறுவி மின்சாரம் எடுக்கும் ஏற்பாடுகள் நம் நாட்டிலும் நடந்து வருகின்றன. இதற்கான கொள்கையை மத்திய அரசு 2015-ல் அறிவித்தது. கடற்பரப்பைக் குத்தகைக்கு விடும் விதிகள் 2023 டிசம்பரில் வந்தன. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழகக் கடலில் 500 மெகாவாட் என்ற கணக்கில் 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் இப்பணிக்குப் பொறுப்பு வகிக்கிறது.

தமிழகத்தில் இதற்குப் பார்த்திருக்கும் இடம் மன்னார் வளைகுடாப் பக்கம். "அது எங்கோ தெற்கே; மாமல்லபுரம் பக்கத்து விவசாயிக்கு இதில் என்ன?" என்று கேட்கலாம். கடலில் எந்தத் திட்டம் வந்தாலும் அதன் குழாயோ கம்பியோ கரை ஏறித்தான் ஆக வேண்டும். கரை ஏறும் இடத்தில் அனுமதி பெறும் வழி எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அந்த வழியை நம் கடற்கரை ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

நெம்மேலி தரும் பாடம்

திருப்போரூரை அடுத்த நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-ல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் உள்ளது. அதன் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் ஆலை 2024-ல் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னையின் தாகம் தீர இவை பயன்படுகின்றன என்பதில் ஐயமில்லை.

ஆனால் முதல் ஆலையின் வேலை நடந்தபின் தங்கள் கரை அரிக்கப்பட்டு, படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் இடம் குறைந்ததாகச் சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் முறையிட்டனர். இப்படி முறையிடும்போது எழும் முதல் கேள்வி, "முன்பு கரை எவ்வளவு இருந்தது?" என்பதே. அதற்கு எழுத்தில் பதில் வைத்திருப்பவரின் பேச்சுக்கே எடை உண்டு. விவசாயிக்கும் இது பொருந்தும். கிணறு உப்பாகிவிட்டது என்றால், முன்பு எப்படி இருந்தது என்று காட்ட வேண்டும்.

அனுமதி எப்படிக் கிடைக்கிறது?

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கைப் பட்டியலில் உள்ள பெரிய ஆலைகள் பலவற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம். 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வரும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டத்தை மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ நடத்துவார். பேசியதெல்லாம் படம் பிடிக்கப்படும். எழுதியும் கொடுக்கலாம்.

காற்றாலையும் கடல்நீர் ஆலையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கூட்டம் தானாக நடக்கும் என்று காத்திருக்கக் கூடாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி இவற்றுக்கு வேண்டும். கரையில் உச்ச ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த மண்டலம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இதற்கொரு குழு உண்டு. கடலோரப் பாரம்பரிய மக்களின் பிரதிநிதிகள் 3 பேராவது அதில் இருக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் யார் என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்து, நம் கருத்தை அவர்களிடம் சேர்ப்பது முதல் வழி.

கிராம சபை இரண்டாவது வழி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. தீர்மானம் போட்டால் திட்டம் நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். எனினும் அது தேதியிட்ட பதிவு. நாளை வழக்கு, இழப்பீடு எதுவானாலும் கைகொடுக்கும்.

இப்போதே செய்ய வேண்டியவை

1. கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை, தை மாதத்திலும் சித்திரையிலும் பரிசோதிக்கவும். மோட்டாரைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான புட்டியை அதே நீரில் அலசி, ஒரு லிட்டர் பிடிக்கவும். பெயர், சர்வே எண், தேதி எழுதி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவும். மின் கடத்து திறன் 2.25 டெசிசைமனுக்கு மேல் போனால் மிகுந்த உப்பு நீர் என்று பொருள். சீட்டுகளைப் பத்திரப்படுத்தவும்.

2. சொர்ணவாரி, சம்பா, நவரை என ஒவ்வொரு பட்டத்திலும் பயிர் அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்கவும். தர்பூசணி, மணிலா, சவுக்கு எதுவும் விடுபடக் கூடாது. பட்டா இல்லாத குத்தகைதாரருக்கு இதுவே முக்கிய ஆதாரம்.

3. மனுவில் "பாதிப்பு வரும்" என்று பொதுவாக எழுதுவதால் பயனில்லை. எந்த சர்வே எண், எத்தனை சென்ட், எந்த வாய்க்கால் என்று எழுதவும். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெறவும்.

மின்கம்பி வந்தால்

கடல் மின்சாரம் துணை மின் நிலையம் சேர வயல் வழியே கோபுரங்கள் நிற்கும். மின்சாரச் சட்டப்படி உரிய அதிகாரம் பெற்ற நிறுவனம் நில உடைமையாளரின் சம்மதம் இல்லாமலும் கம்பி இழுக்கலாம். ஆனால் இழப்பீடு தந்தாக வேண்டும். கோபுரக் காலடி நிலத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பிப் பாதை நிலத்துக்கு 30 சதவீதம் என மத்திய மின் அமைச்சகம் 2024 ஜூனில் வழிகாட்டியது. மாநில அரசு ஏற்ற அளவே நடப்புக்கு வருமாதலால், அதை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும். பயிர், மரச் சேதத்தை இதோடு சேர்த்துவிடாமல் தனியே கேட்க வேண்டும்.

டென்மார்க் நாட்டில் 1991-லேயே கடலில் 11 காற்றாலைகள் சுழன்றன. அங்கு கடல் திட்டத்தால் தொழில் இழக்கும் மீனவருக்கு இழப்பீடு தரச் சட்டமே உண்டு. மீனவரும் எத்தனை மீன் பிடித்தோம் என்ற கணக்கைக் காட்டித்தான் அதைப் பெறுகின்றனர். நம் விவசாயிக்கு அந்தக் கணக்கு நீர்ப் பரிசோதனைச் சீட்டும் அடங்கலும்தான். வரும் கிராம சபைக்கு முன் இரண்டையும் கையில் வைத்துக்கொள்வது நலம்.