கொதிக்கும் எஞ்சின்: ஒரே பழுது திரும்பத் திரும்ப வருவது ஏன்?

பழைய கார் வைத்திருப்போரிடம் பேசிப் பாருங்கள். "ஹெட் காஸ்கெட் மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் போய்விட்டது" என்று அவர்களில் ஒருவராவது சொல்லக் கேட்பீர்கள். சம்பளத்தில் பாதியை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டு வந்தவர், மெக்கானிக்கைத் திட்டுவார். அல்லது வண்டிக்கு ராசியில்லை என்பார். ராசி இருக்கட்டும், வெப்பம் செய்யும் வேலையைச் சற்றுக் கவனிப்போம்.

சாதாரணப் பெட்ரோல் எஞ்சினில், எரிபொருளின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வண்டியை ஓட்டப் பயன்படுவதில்லை. மற்றொரு பெரும்பகுதி புகையோடு வெளியேறுகிறது. மீதி எஞ்சினின் உலோகத்தைச் சூடாக்குகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியசையும் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். அதை உருகாமல் காப்பது சுற்றி ஓடும் தண்ணீர்தான்.

சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கின்மீது 'ஹெட்' என்னும் மூடி போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவேயுள்ள மெல்லிய தகடே ஹெட் காஸ்கெட். எரியும் வாயு, தண்ணீர், எண்ணெய் மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் தடுப்பது இதன் வேலை. பல கார்களில் பிளாக் வார்ப்பிரும்பாலும் ஹெட் அலுமினியத்தாலும் ஆனவை. இங்கேதான் சிக்கல். அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் இரு மடங்கு விரியும். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினியத் துண்டு 80 டிகிரி சூடேறினால் சுமார் 0.7 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள இரும்பு அதில் பாதிதான் நீளும். இந்த வேறுபாட்டைத் தாங்கும்படியே காஸ்கெட் செய்யப்படுகிறது. ஆனால், எஞ்சின் கொதித்துவிட்டால் ஹெட் மேலும் விரியப் பார்க்கிறது, போல்ட்டுகள் விடுவதில்லை, ஹெட் கோணிப்போகிறது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கோணினாலே போதும், வாயு கசிய வழி கிடைத்துவிடும். ரேடியேட்டரில் குமிழிகள் எழும். எண்ணெயில் தண்ணீர் கலந்து அது பால் விட்ட காப்பி நிறமாகும்.

கோணிய ஹெட்டைச் சமப்படுத்தாமல் புதுக் காஸ்கெட் வைத்தால் அது நிலைக்காது. சமப்படுத்தி வைத்தாலும், எஞ்சின் முதலில் ஏன் கொதித்தது என்று கேளாதவரை அந்தச் செலவும் வீணே.

காரணம் பெரும்பாலும் அற்பமானது. உப்புக் கிணற்று நீரை ஊற்றிவந்தால், வெந்நீர் அண்டாவில் படிவதுபோல் ரேடியேட்டர் குழாய்களிலும் சுண்ணாம்பு படியும். அது உலோகத்தைவிடப் பன்மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். ரேடியேட்டர் மூடியின் கதை இன்னும் வேடிக்கையானது. உள்ளே வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரு மடங்கு அழுத்தம் இருந்தால், தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் கசிந்தால் 100 டிகிரியிலேயே கொதித்து வழியும். சிறிய தொகையில் கிடைக்கும் அந்த மூடியை யாரும் சந்தேகிப்பதில்லை!

"நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?" என்று அதைக் கழற்றி எறிவோரும் உண்டு. சில எஞ்சின்களில் அப்படிச் செய்தால், சூடான நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, எஞ்சின் மேலும் சூடாகும்.

வழியில் வண்டி கொதித்து நின்றால், அவசரப்பட்டு மூடியைத் திறக்கக்கூடாது. அழுத்தம் நீங்கியதும் 100 டிகிரிக்கு மேலுள்ள நீர் நொடியில் ஆவியாகிப் பீறிட்டு, முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.