நேற்று என்றால் எந்த நாள்?

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிறது வலியசாலை. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் இடம் இது. வீட்டில் தமிழ் பேசுவார்கள். கடைக்குப் போனால் மலையாளம் பேசுவார்கள்.

அந்தத் தெருவில் ஒரு பாட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்குச் சர்க்கரை நோய். அண்மையில்தான் படிக்கக் கற்றுக்கொண்டார். இப்போது செல்போனில் வரும் செய்திகளைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்.

செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணிக்குப் போனைத் திறந்தார். மகள் அனுப்பிய செய்தி ஒன்று இருந்தது.

"அம்மா, நாளை மறுநாள் காலையில் ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு போகணும்."

செய்தியின் மேலே "2 நாட்கள் முன்" என்று இருந்தது. பாட்டி விரலை மடக்கி எண்ணினார். இன்று செவ்வாய். இரண்டு நாள் முன் என்றால் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமைக்கு நாளை மறுநாள் செவ்வாய்.

"ஐயோ! பரிசோதனை இன்று காலையே போய்விட்டதே!" என்று பாட்டி வருந்தினார்.

பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். அவள் கம்ப்யூட்டர் படிப்பவள். செய்தியைத் தொட்டுப் பார்த்தாள். அது வந்த நேரம் தெரிந்தது. திங்கள், காலை 8 மணி.

"பாட்டி, நாள் போகவில்லை. திங்களுக்கு நாளை மறுநாள் புதன். பரிசோதனை நாளைக் காலையில்தான்" என்றாள்.

பாட்டி அவளைக் கேட்காமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? புதன் காலையில் வழக்கம்போல இட்லி சாப்பிட்டிருப்பார். பரிசோதனை தவறியிருக்கும்.

பாட்டி சரியாகப் படித்தார். சரியாகவும் எண்ணினார். பிறகு எங்கே தவறு வந்தது?

கம்ப்யூட்டர் எண்ணும் முறை

செல்போனும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். அதற்கு நேற்று, நாளை என்பது தெரியாது. எண்கள் மட்டுமே தெரியும். பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1 முதல் எத்தனை வினாடி ஆயிற்று என்று எண்ணி வைக்கின்றன. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. இப்போது அந்த எண் நூற்று எழுபது கோடியைத் தாண்டிவிட்டது.

அந்த எண்ணை நம்மால் படிக்க முடியுமா? முடியாது. ஆகவே அதை நம் பேச்சு வார்த்தையாக மாற்ற வேண்டும். எப்படி மாற்றுவது என்று கம்ப்யூட்டருக்குப் படிப்படியாகச் சொல்லித் தருகிறார்கள். இதற்கு நிரல் என்று பெயர்.

ஒவ்வொரு வீட்டிலும் மாவு அரைக்க வேண்டுமா? கடையில் அரைத்த மாவு கிடைக்கிறது. அதுபோல, ஒருவர் எழுதிய நிரலைப் பலரும் எடுத்துப் பயன்படுத்தலாம். இப்படித் தயாராக உள்ள நிரல்களின் தொகுப்பை லைப்ரரி என்கிறார்கள்.

தேதியை வார்த்தையாக மாற்றும் லைப்ரரிகளில் பெயர் பெற்றது மொமென்ட் ஜேஎஸ். இது 2011இல் வெளிவந்தது. இதில் தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு. 2020இல் இதை நடத்துபவர்கள், இனிப் புதிய வசதிகள் சேர்ப்பதில்லை என்று அறிவித்தார்கள். இப்போது வேறு பல லைப்ரரிகள் வந்துவிட்டன.

மொமென்ட் நேரத்தை முழு எண்ணாக்கிச் சொல்கிறது. அதன் கணக்கைப் பாருங்கள்.

சுமார் 45 நிமிடம் ஆனால், ஒரு மணி நேரம் என்று சொல்லும்.
சுமார் 22 மணி நேரம் ஆனால், ஒரு நாள் என்று சொல்லும்.
36 மணி நேரம் ஆனால், 2 நாட்கள் என்று சொல்லும்.
சுமார் 26 நாள் ஆனால், ஒரு மாதம் என்று சொல்லும்.

பாட்டிக்கு வந்த செய்தியை இதில் வைத்துப் பாருங்கள். திங்கள் காலை 8 மணி முதல் செவ்வாய் இரவு எட்டரை வரை முப்பத்தாறரை மணி நேரம். ஆகவே "2 நாட்கள் முன்" என்று காட்டியது. நமக்கோ அது நேற்று வந்த செய்தி.

நள்ளிரவுக் கணக்கு

நாம் மணியைக் கூட்டி நேற்று என்று சொல்வதில்லை. நடுவில் ஓர் இரவு போயிருந்தால் அது நேற்று. இரவு 11:50க்கு வந்த செய்தியை 12:10க்குப் படித்தால் 20 நிமிடம்தான் ஆகியிருக்கும். ஆனாலும் தேதி மாறிவிட்டது. கடிகாரத்துக்கு அது 20 நிமிடம். காலண்டருக்கு அது நேற்று. இரண்டும் சரியே. மொமென்ட் லைப்ரரியில் இந்தக் காலண்டர் கணக்குக்கும் தனி வழி உண்டு. எந்த வழியை எடுப்பது என்பது நிரல் எழுதுபவர் கையில் இருக்கிறது.

மொழிக்கு மொழி வேறு

இந்தியில் நேற்றுக்கும் கல், நாளைக்கும் கல். பேச்சைப் பார்த்துத்தான் எது என்று புரிந்துகொள்ள வேண்டும். மலையாளத்தில் மற்றன்னாள் என்றால் நாளை மறுநாள். தமிழில் மறுநாள் என்றால் அடுத்த நாள். காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஆனால் நடுவே ஒரு நாள் வித்தியாசம்!

ஆகவே ஒரு மொழியின் வார்த்தையை அப்படியே இன்னொரு மொழிக்கு மாற்றினால் போதாது. ஒவ்வொரு மொழிக்கும் தனியாக எழுத வேண்டும். மொமென்ட் லைப்ரரியின் தமிழ்ப் பகுதியில் ஓர் அழகு உண்டு. பழந்தமிழர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தார்கள். வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். அந்த ஆறு பெயர்களும் இந்த நிரலில் இருக்கின்றன.

கயிறும் முளையும்

நேற்று, நாளை என்ற சொற்கள் கயிற்றில் கட்டிய பசுவைப் போன்றவை. பசு எங்கே நிற்கும் என்று தெரிய வேண்டுமா? முளை எங்கே அடித்திருக்கிறது என்று தெரிய வேண்டும். சொன்ன நாள்தான் அந்த முளை.

இது பழைய காலத்திலும் உண்டு. ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் காந்தளூர்ச் சாலை என்ற இடத்தைச் சொல்கின்றன. அது வலியசாலைதான் என்று பலர் கருதுகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றில், அரசனின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாள் என்று தேதி இருக்கிறது. இது எந்த ஆண்டு? ராஜராஜன் 985இல் பட்டத்துக்கு வந்தான். அது தெரிந்ததால்தான் இது 1010 என்று நம்மால் சொல்ல முடிகிறது.

இன்னொன்றும் பாருங்கள். "வரும் ஒன்றாம் தேதி பணம் தருகிறேன்" என்று ஒருவர் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் சொல்கிறார். கேரளத்தில் கொல்லம் ஆண்டு உண்டு. அது கி.பி. 825இல் தொடங்கியது. அதன் முதல் மாதமான சிங்கம் ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. அப்படியானால் அவர் சொன்னது சிங்கம் ஒன்றா, செப்டம்பர் ஒன்றா? கேட்டுக்கொள்ளாவிட்டால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

என்ன செய்யலாம்?

மருந்து, பரிசோதனை, கடன், வழக்கு. இவற்றில் ஒரு நாள் தவறினாலும் நஷ்டம். ஆகவே நாளை, நாளை மறுநாள் என்று மட்டும் எழுதாதீர்கள். கிழமையும் தேதியும் சேர்த்து எழுதுங்கள். பிறர் அனுப்பிய செய்தியில் தேதி இல்லையா? அது எப்போது வந்தது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

பாட்டி அன்று இரவே ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார். "புதன் காலை. வெறும் வயிறு." அதன் கீழே தேதியையும் தன் கையால் எழுதினார்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் நாளை மறுநாளை எப்படிச் சொல்கிறார்கள்?
2. நாள் தவறியதால் உங்களுக்கு நஷ்டம் வந்தது உண்டா?
3. இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டிய ஒரு வேலையைக் கிழமையோடும் தேதியோடும் எழுதுங்கள்.